காஜா பெராங்கின் காராமணி வடை

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் நானும் என் நாத்தனாரும் மலாக்காவில் காஜா பெராங் சாலையில் இருந்த கோப்பிக்கடை, சாப்பாட்டுக்கடை, கள்ளுக்கடை எல்லாவற்றிலும் ஏறி இறங்கினோம். துணைக்கு ஆண் கிடையாது. பட்டப்பகலில்தான் போனோம். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. அதற்கு முன்னால் எந்தக் கோப்பிக்கடை நாற்காலியிலும் நான் உட்கார்ந்ததில்லை. கடைக்கோப்பி வேண்டுமென்றால் என் கணவர் டின்னில் வாங்கிக்கொண்டு வருவார், நான் வீட்டில் குடிப்பேன். அந்தக் காலத்துப் பெண்களுக்கு அதுதான் வழக்கம்.

என் கணவர் டவுனில் ஒரு துணிக்கடையில் துணி அளந்து கொடுக்கிற வேலையில் இருந்தார். கப்பல் வராததால் துணி வரவில்லை. துணி வராததால் கடையைச் சாத்திவிட்டார்கள். பிறகு மரவள்ளி நடுவதற்கு நிலம் கொத்தப் போனார். இரண்டாம் நாளே மண்வெட்டி கணுக்காலுக்கு மேலே பட்டுவிட்டது. சாதாரண வெட்டுதான். மருந்து இல்லை, நல்ல சாப்பாடு இல்லை. ஒரு மாதத்தில் அது உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாகிவிட்டது. அப்போது ஊரில் பாதிப்பேர் காலில் அந்தப் புண் இருந்தது.

நாங்கள் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் பின்னறையில் குடியிருந்தோம். என் கணவரின் அக்கா எங்களோடு இருந்தார், நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். புருஷன் ஜப்பான் சண்டைக்கு முன்னாலேயே காய்ச்சலில் போய்விட்டார், பிள்ளை கிடையாது. நல்ல உயரம். அவர் பேசினால் கீழ்வீட்டுக்குக் கேட்கும். சும்மா உட்கார்ந்திருப்பது மட்டும் அவருக்கு வராது.

ஒருநாள் காலை, வழக்கம்போல அவித்த மரவள்ளியைத் தின்றுகொண்டிருந்தபோது, இதையே தேங்காய்ப்பூ போட்டு விற்றால் என்ன என்று நான் கேட்டேன். அண்ணி கிழங்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லா வூட்லயும் இருக்கறத எவன் காசு குடுத்து வாங்குவான்? கடைங்கள்ல என்ன இருக்கு, என்ன இல்லன்னு மொதல்ல பாக்கணும். கெளம்பு."

"கடைக்குள்ளயா அண்ணி?"

"வாசல்ல நின்னா வாசம்தான் வரும். ருசி உள்ளதான இருக்கு."

முதலில் போனது முனையில் இருந்த பாய் கடைக்கு. பாயின் குடும்பம் மூன்று தலைமுறையாக மலாக்காவில் இருந்தது. அவரே கல்லாவில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் உள்ளே நுழைந்ததும், பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் காலைக் கீழே போட்டார்கள். பாய் எழுந்து வந்து, வீட்டுக்குள்ளே குடும்பம் இருக்கிறது, அங்கே போய் உட்காருங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். நாங்கள் விருந்துக்கு வரவில்லை, கோப்பி குடிக்க வந்திருக்கிறோம் என்று அண்ணி சொன்னார். பாய் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு தோளில் இருந்த துண்டால் ஒரு மேசையைத் துடைத்துவிட்டார்.

அந்தக் கோப்பி சோளத்தைக் கருக வறுத்து இடித்தது. மலாக்காத் தென்னஞ்சர்க்கரையைப் போட்டுக் குடித்தால் கண்ணை மூடிக்கொண்டு கோப்பி என்று நினைத்துக்கொள்ளலாம். கூடத் தின்பதற்குச் சர்க்கரைவள்ளி அவித்தது இருந்தது. நான் தலையைக் குனிந்தபடியே குடித்தேன். அண்ணி தலையை நிமிர்த்தி ஒவ்வொரு மேசையாகப் பார்த்தார். வெளியே வந்ததும், "எல்லாம் கொழகொழன்னு இருக்கு" என்றார்.

மறுநாள் எதிர்ச்சாரியில் இருந்த ஹைனான்காரர் கடைக்குப் போனோம். அந்தச் சாலையிலேயே பெரிய கோப்பிக்கடை அது. வட்ட மேசைகளின் மேல் பளிங்குக்கல். சண்டைக்கு முன்னால் அங்கே ரொட்டி சுடுகிற வாசம் தெருமுனை வரை வரும். இப்போது ரொட்டிக்கு மாவு இல்லை. கடை முதலாளியான தவுக்கே பனியனோடு நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு நாங்கள் பெண்களா ஆண்களா என்பதில் அக்கறை இல்லை, குடிக்க வந்தவர்கள், அவ்வளவுதான். பால் இல்லாத கோப்பி ஓ என்று மலாயில் கேட்டோம். கொண்டுவந்து வைத்த கோப்பியில் நிஜக் கோப்பியின் வாசம் ஒரு இழை இருந்தது. எங்கேயோ ஒரு டின்னில் பதுக்கி வைத்திருந்து, சோளத்தோடு ஒரு சிட்டிகை கலக்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், வெளியே சொல்லவில்லை. தின்பதற்கு மரவள்ளிமாவில் ஆவியில் வேகவைத்த ஒரு பண்டம். பல்லில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

அன்றைக்கு நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பளிங்குக்கல் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொள்வது நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது இடம், மலாய் பேசுகிற பழைய செட்டிக் குடும்பங்கள் இருந்த கம்போங் செட்டிக்குள். அங்கே கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் தன் வீட்டு வாசலில் மேசை போட்டு மீன் குழம்பும் கிழங்கும் விற்றுக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். நெற்றியில் திருநீறும் பொட்டும், உடம்பில் சாரோங்கும் கெபாயாவும். பேச்சு முழுக்க மலாய். சாமி பேரையும் சாமான் பேர் சிலவற்றையும் தவிர வேறு தமிழ் அவளுக்கு வராது. எனக்கு மலாய் அரைகுறை. ஆனாலும் அரை மணி நேரத்தில் நாங்கள் இருவரும் சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டோம். அவள் வைத்த புளிமீன் குழம்பு நாக்கில் பட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அத்தனை நாள் கழித்து உறைப்பு. அவள் வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு தென்னைமரங்கள் நின்றன. தேங்காயைத் துருவி, பாலெடுத்து, காய்ச்சி அவளே எண்ணெய் இறக்கினாள். அதை அண்ணி மனதில் வாங்கிக்கொண்டார்.

கள்ளுக்கடைக்குள் நான் போகவில்லை, வெளியே புளியமரத்தடியில் நின்றேன். அண்ணிக்கு அந்தக் கூச்சம் இல்லை. தோட்டத்தில் பெண்களும் வரிசையில் நின்று கள் வாங்கியவர்கள்தானே. உள்ளே போய் ஒரு குவளை குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கள்ளு மட்டும் அப்படியேதான் இருக்கு. தென்னமரத்துக்கு யுத்தம் தெரியாதுல்ல. ஆனா தொட்டுக்க உப்பும் பச்சமொளகாயும்தான் வச்சிருக்கானுங்க. பாவம்."

கடைசியாக, பார் என்கிற மதுக்கடை. சண்டைக்கு முன்னால் தோட்டத்துத் துரைமார்களும் டவுன் ஆபீஸ் கிராணிகளும் பிராந்தி குடித்த இடம். இப்போது ஒரு சீன அம்மா அதை நடத்திக்கொண்டிருந்தார். பழைய பிராந்தி புட்டிகளில் மரவள்ளியில் வடித்த சம்சு சாராயம். மத்தியானத்தில் ஆளே இருக்காது என்று தெரிந்து அந்த நேரமாகப் பார்த்துப் போனோம். சுவரில் பெரிய கண்ணாடி. உயரமான முக்காலிகள். நான் ஏறி உட்கார்ந்ததும் கால் தரையில் எட்டவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். பார் முக்காலியில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பொம்பளை யார் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த அம்மா சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். ஒரு சொட்டு வாயில் விட்டேன், நெருப்பு. அண்ணி முதுகைத் தட்டினார், அந்த அம்மா சிரித்தார். முன்னெல்லாம் வேர்க்கடலை வைப்பேன், இப்போது அது வருவதில்லை, குடிக்கிறவர்கள் விரலைத்தான் கடிக்கிறார்கள் என்று அவர் மலாயில் சொன்னார்.

சந்தியில் இன்னொரு கடையும் இருந்தது. ஜப்பான் சிப்பாய்கள் சாப்பிடுகிற இடம். வாசலில் நீலத்துணி தொங்கும். அங்கே நாங்கள் ஏறவில்லை. காவலுக்கு நின்றவனுக்குக் குனிந்து வணங்கிவிட்டு, காலை எட்டிப் போட்டு நடந்தோம்.

வீடு திரும்பும்போது அண்ணி கேட்டார், இத்தனை கடையிலும் இல்லாதது என்ன என்று. நான் அதற்குள் யோசித்து வைத்திருந்தேன். அந்தச் சாலை முழுக்க, கடித்தால் சத்தம் வருகிற பண்டம் ஒன்றுகூட இல்லை. கோப்பிக்கடையில் எல்லாம் அவித்தது, எல்லாம் இனிப்பு. கிழங்குச் சீவல் வறுத்து விற்ற மலாய்க்காரரும் எண்ணெய் கிடைக்காமல் விட்டுவிட்டார். மொறுமொறுவென்று, உறைப்பாக, சூடாக ஏதாவது இருந்தால் கோப்பிக்கும் ஆகும், கள்ளுக்கும் ஆகும்.

"வடை" என்றேன்.

அண்ணி நடுச்சாலையில் நின்றுவிட்டார். கப்பல் நின்றுபோன காலத்தில் பருப்புக்கு எங்கே போவது என்று அவர் கேட்கவில்லை. அதைத்தான் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டு நடந்தோம்.

மாடிப்படி ஏறும்போதே தெரிந்தது, செய்தி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது என்று. கீழே இருந்த முடிவெட்டும் கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"என் பொண்டாட்டியும் அக்காவும் பார்ல ஒக்காந்திருந்தாங்கன்னு என்கிட்டயே வந்து சொல்றான்" என்றார்.

ஊர் வந்து நமக்கு உலை வைத்ததா என்று அண்ணி சத்தம் போட்டார். அவர் கிழங்கைத் தொடவில்லை. கல்யாணமாகி நான்கு வருஷத்தில் நான் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்குக் கால் புண்ணைக் கழுவித் துணி கட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

"நீங்க நடக்கற வரைக்கும் நான் நடக்கறேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை இழுத்துக்கொண்டார்.

பருப்புக்குப் பதில் என்ன என்பதை ஊருக்கு வெளியே புக்கிட் பாருவில் கண்டுபிடித்தோம். அண்ணியோடு தோட்டத்தில் வேலை செய்த ஒரு குடும்பம் அங்கே காய்கறி போட்டிருந்தது. பயத்தங்காயை விதைக்கென்று கொடியிலேயே முற்றவிட்டுக் காயவைத்திருந்தார்கள். உரித்தால் உள்ளே காராமணி. எங்கள் ஊரில் அதிலும் வடை தட்டுவார்கள் என்று என் அம்மா எப்போதோ சொன்னது எனக்கு நினைவு வந்தது. நாளுக்கு நாள் மதிப்பு விழுகிற ஜப்பான் நோட்டு வேண்டாம் என்றார்கள் அவர்கள். அவர்கள் வீட்டுப் பெண் கட்டியிருந்த துணியைப் பார்த்தேன், சாக்கைத் தைத்துக் கட்டியிருந்தாள். வீட்டுக்குப் போய், கல்யாணச் சேலைக்கு அடுத்தபடியாக என்னிடம் இருந்த நல்ல சேலையை எடுத்துவந்து கொடுத்தேன். ஒரு மூட்டை காராமணி கிடைத்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வரும்போது, இது சரிப்பட்டு வராவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு வழியெல்லாம் கூடவே வந்தது.

எண்ணெய்க்குக் கம்போங் செட்டிப் பெண்ணிடம் பேசினோம். தேங்காய் அவளுடையது, துருவிக் காய்ச்சுகிற உழைப்பு எங்களுடையது, இறக்கிய எண்ணெயில் பாதி அவளுக்கு, பாதி எங்களுக்கு. அவள் வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டினோம்.

காராமணி மட்டும் போட்டால் மூட்டை ஒரு வாரம் வராது. அதனால் மரவள்ளியைத் துருவிச் சேர்த்தோம். வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை. முதல் வடையைத் தட்டி எண்ணெயில் போட்டேன். கண்ணெதிரே பிரிந்து, சட்டி முழுக்கப் பொடிப்பொடியாக மிதந்தது. இரண்டாவதும் அப்படியே. எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்தது. அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

செட்டிப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, துருவின கிழங்கை ஏன் பிழியவில்லை என்று கேட்டாள். பிழிந்த தண்ணீரை வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு தங்கும், தண்ணீரைக் கொட்டிவிட்டு அந்த மாவைத் திரும்பச் சேர்க்க வேண்டும், அவர்கள் பலகாரத்துக்கு அப்படித்தான் செய்வார்கள். செய்தோம். இந்தத் தடவை வடை பிரியவில்லை, கல்லாகிவிட்டது. அண்ணி சுவரில் தட்டிக் காட்டினார், சத்தம் கேட்டது. மறுநாள் காராமணியில் பாதியை மட்டும் மையாக அரைத்து, மீதியை ஒன்றிரண்டாக நசுக்கிப் போட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தட்டிய வடை எண்ணெயில் அமிழ்ந்து, மெதுவாக மேலே வந்து, ஓரமெல்லாம் சிவந்தது.

சூடாக இரண்டை இலையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். என்ன ஏது என்று சொல்லாமல் கணவர் கையில் கொடுத்தேன். கடித்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மென்று விழுங்கிவிட்டு, எழுந்து உட்கார்ந்தார்.

"கப்பல் வந்துருச்சா?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன் பாருங்கள், அப்படிச் சிரித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். என்னவென்று புரியாமல் அவர் இரண்டாவதையும் தின்றார்.

முதலில் பாயிடம்தான் கொண்டுபோனோம். மரவள்ளிக்குப் புதுப்பேர் வைத்தால் ஜனங்கள் ஏமாறமாட்டார்கள் என்று சொல்லி, தொட்டுக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். எதிரே தவுக்கேயிடம் போனோம். அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். இன்னொரு கடி. பிறகு சமையல்கட்டைப் பார்த்துத் தன் மனைவியைக் கூப்பிட்டு மீதிப் பாதியை நீட்டினார். அந்த அம்மாள் கடித்துவிட்டுப் புருஷனிடம் ஏதோ சொன்னார். கொண்டுவந்து கொடுத்தால் ஆறிப்போகும், கடை வாசலில் அடுப்பு வைத்துச் சுட்டுக் கொடுக்க முடியுமா என்று தவுக்கே கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். முடியும் என்றேன்.

கடிகாரமெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு மாறியிருந்ததால் ஏழு மணிக்கும் விடிந்திருக்காது. விடிந்ததும் அடுப்பை மூட்டினேன். சாலையைப் பார்த்து உட்கார வேண்டும். முந்தானையைத் தலைக்கு மேல் நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டேன். பத்து வடை போடுவதற்குள் புகையும் வியர்வையும் தாங்கவில்லை, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். பார்க்கிறவன் பார்க்கட்டும். அண்ணி தட்டித் தட்டிக் கொடுக்க, நான் போட்டு எடுத்தேன்.

வாசம் சாலையைத் தாண்டிப் போனது. பாய் கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் குவளையோடு எழுந்து வந்து ஒரு வடை கேட்டார். அவர் கடித்த சத்தத்தில் இன்னும் நாலு பேர் குவளையோடு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாய் கடைக் குவளை பாதி இந்தப் பக்கம் இருந்தது. பாய் தன் குவளைகளைத் தேடிக்கொண்டு தானே சாலையைக் கடந்து வந்தார். வந்தவர் நின்று பார்த்தார். சட்டி யாருடையது, எண்ணெய் யாருடையது என்று விசாரித்தார். இரண்டும் எங்களுடையது, பன்றிக்கொழுப்பு ஒரு சொட்டுகூட அந்தச் சட்டியில் விழுந்ததில்லை என்று அண்ணி சொன்னார். அதன் பிறகுதான் ஒன்றை எடுத்தார்.

தின்றுமுடித்து, விரல்களைத் துண்டில் துடைத்தார்.

"நாளையிலருந்து எனக்கும் குடுங்கம்மா. நேத்து நான் பேசுனது தப்புதான்."

பாய் கடைக்கு என்று தனிச் சட்டி வைத்து வீட்டிலேயே சுட்டோம். ஒரு மாதத்துக்குள் கள்ளுக்கடையிலிருந்தும் ஆள் வந்தது. அங்கே உறைப்பு கூட வேண்டும் என்றார்கள். உஜோங் பாசிர் கடற்கரை மீன்காரர்களிடம் பொடி இறால் கருவாடு வாங்கி, அதை நசுக்கிச் சேர்த்துத் தட்டினோம். பாரில் அந்தச் சீன அம்மா ஒரே வாயில் போடுகிற அளவுக்கு வேண்டும் என்றார். சுண்டைக்காய் அளவு உருட்டிப் போட்டோம். செட்டிப் பெண் தன் மீன் குழம்போடு எங்கள் வடையை ஊறப்போட்டு விற்றாள். அது எனக்கே தோன்றாத யோசனை. நாங்கள் ஏறி இறங்கின கடை ஒவ்வொன்றிலும் எங்கள் வடை இருந்தது.

அப்போதுதான் ஒருநாள் மத்தியானம் வெள்ளைச் சட்டையும் கைப்பட்டையுமாக ஒருவர் எங்கள் வீட்டு மாடி ஏறி வந்தார். ஜப்பான்காரர்களுக்கு மொழிபெயர்க்கிற உள்ளூர் ஆள். சந்தியில் இருக்கும் சிப்பாய்கள் கடையில் வடை கேட்கிறார்கள், நாளையிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் அங்கே வந்து அடுப்படியில் வேலை செய்ய வேண்டும் என்றார். கேட்கவில்லை, உத்தரவாகத்தான் சொன்னார். அந்தக் கடைக்குள் போன பெண்கள் யாரும் வெளியே வந்து கதை சொன்னதில்லை. என் கணவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

அண்ணி பதறவில்லை. வாங்க, உட்காருங்க என்று உபசரித்தார். பிறகு தம்பியின் காலருகே உட்கார்ந்து, நிதானமாகக் கட்டை அவிழ்த்தார். அதற்குள் புண் பாதி ஆறியிருந்தது. ஆனால் பழக்கமில்லாதவனுக்கு அதைப் பார்க்கவே முடியாது.

"இதக் கழுவி மருந்து வைக்கறதும் இந்தக் கைதாங்க. ஒட்டுமா ஒட்டாதான்னு எங்களுக்குத் தெரியல. டாக்டர் இல்ல பாருங்க. நாளைக்கி எத்தன மணிக்கு வரணும்?"

வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். வாசற்படி வரைக்கும் பின்வாங்கியபடியே நடந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினவர், திரும்பி வரவில்லை. ஒரு வாரம் நாங்கள் பயந்துகொண்டுதான் இருந்தோம். நான் அடுப்படியில் இருந்த நேரமெல்லாம் தவுக்கே கடை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பாயும் கல்லாவை விட்டு வெளியே வந்து நின்றார். யாரும் அவர்களிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒன்றும் நடக்கவில்லை.

அன்றைக்கு அந்த ஆள் தெருவில் இறங்கி மறைந்ததும் என் கணவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல, இந்தக் காலுக்கும் ஒரு வேல கெடச்சிச்சு" என்றார்.

முதலில் சிரித்தது அவர்தான். அண்ணி சிரித்த சிரிப்பில் கீழே முடிவெட்டுகிறவர் கத்திரியோடு மேலே வந்துவிட்டார்.

அந்த வருஷத் தீபாவளிக்குள் புண் ஆறி, அவர் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். வடையில் எண்ணெய் சேர்ந்ததும், மீன் வாங்க முடிந்ததும் காரணமாக இருக்கலாம். விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நான் அடுப்படிக்குக் கிளம்பியபோது, இன்றைக்கு அடுப்பு வேண்டாம் என்று தடுத்தார்.

"இத்தன கடையிலயும் நம்ம வட இருக்கு. நான் ஒரு கடையிலயும் இன்னும் ஒக்காரல. மூணு பேரும் போவோம்."

முந்தின நாளே சுட்டுக் கொடுத்துவிட்டதால் கடைகளில் வடைக்குக் குறை இல்லை. மூன்று பேரும் போனோம். சாலை நெடுக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. பாய் நடு மேசையில் உட்காரவைத்து, காசு வாங்கமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டிலாப்பம் அனுப்பினார். அதற்குமுன் நான் அதைத் தின்றதில்லை. தவுக்கே சோளம் கலக்காத கோப்பி மூன்று கோப்பை கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, சத்தம் போடாமல் குடியுங்கள் என்று கண்ணைக் காட்டினார். நாங்கள் அதை எப்படிக் குடித்தோம் என்றால், பேசினால் வாசம் போய்விடும் என்பதுபோல வாயை மூடிக்கொண்டு குடித்தோம். செட்டிப் பெண் கோயிலுக்குப் போய்விட்டு வந்த கையோடு என் தலையில் பூ வைத்தாள். கள்ளுக்கடையில் இந்தத் தடவை நானும் உள்ளே போனேன். ஆண்கள் எழுந்து இடம் விட்டார்கள்.

பாருக்குப் போனபோது மத்தியானம். அன்றைக்கு ஆட்கள் நிறைய இருந்தார்கள், என் கணவரோடு துணிக்கடையில் வேலை செய்தவர்களும் இருந்தார்கள். அவர் கம்பைச் சுவரில் சாய்த்தார். எனக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார், தன் அக்காவுக்கு ஒன்று. பிறகு அந்தச் சீன அம்மாவிடம், ஒரு தட்டு வடை, என் வீட்டம்மா சுட்டது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மலாயில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் தன் தட்டைக் காட்டி, இதுவும் அவங்க சுட்டதுதானே, நான் தினம் சாப்பிடுகிறேன் என்றார். எனக்கு வெட்கமாக இல்லை. அப்படி நிமிர்ந்து உட்கார்ந்த நாள் என் வாழ்க்கையில் வேறு இருக்கிறதா என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

பிறகும் கெட்ட நாட்கள் இருந்தன. கடைசி வருஷம் உப்புகூடச் சரியாகக் கிடைக்கவில்லை. காராமணி விளையாமல் போன மாதங்களில் வெறும் கிழங்கில் தட்டினோம். அப்போதும் ஒரு கடைகூட எங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜப்பான்காரன் போனதும் தவுக்கே தன் கடை முன்பக்கத்தில் ஒரு மூலையை எங்களுக்கே ஒதுக்கிக் கொடுத்தார். என் கணவர் துணிக்கடைக்குத் திரும்பிப் போகவில்லை. மாவு பிசைய அவர், தட்ட அண்ணி, சுட நான். அந்த மூலையிலிருந்துதான் பிறகு பிறந்த எங்கள் மூன்று பிள்ளைகளும் படித்தார்கள்.

கப்பலில் முதல் தடவை கடலைப்பருப்பு வந்து இறங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. பாசாரில் வரிசையில் நின்று வாங்கிவந்து, ஊறவைத்து, அசல் மசாலை வடை சுட்டேன். முதல் வடையைத் தவுக்கேயிடம் கொடுத்தேன். கடித்தார், மென்றார், தலையை ஆட்டினார். நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, பழையது இல்லையா என்று கேட்டார். அன்றைக்குப் பாய் கடையிலிருந்தும் அதே கேள்வி வந்தது. கள்ளுக்கடையில் ஒருவர் கோபமாகவே கேட்டாராம்.

அண்ணி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் ஒரு படி காராமணியை ஊறப்போட்டுவிட்டேன்.